தறிவீட்டில் கதிரவன் விளக்கு

கைத்தறிக்கு மின்சாரம் வேண்டா. நெய்பவர் கண்ணுக்கு வேண்டும். ஆரணியில் பட்டு நெய்யும் இல்லங்களை அறிந்தோர் இதனை எளிதில் ஒப்புக்கொள்வர். புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டின் பெரும்பகுதி வீடுகளிலேயே உருவாகின்றது. முன்னறையில் தறிக்குழி, தலைக்குமேல் ஜக்கார்டுப் பெட்டி, பக்கச் சுவரில் ஒரு சிறு சாளரம், பின்புறம் அடுப்படி. நண்பகலிலும் இத்தகைய அறையில் விளக்கின்றிப் பாவின் இழை தெளிவாகத் தெரியாது. அறுந்த இழையொன்றைக் காணாது நான்கு விரற்கடை நெய்துவிட்டால், அதனைப் பிரித்தெடுப்பது நெய்வதினும் கடிய வேலை. மின்தடை வந்தவுடன் தறி நிற்பது இதனால்தான்.

2008 தொடங்கிச் சில ஆண்டுகள் தமிழ்நாடு கண்ட மின்வெட்டை நாம் மறந்திருக்க மாட்டோம். 2012-இல் சென்னைக்கு வெளியே, நாளில் பாதி நேரம் மின்சாரமின்றிக் கிடந்த ஊர்கள் பல. அந்நிலை இன்று இல்லை. ஆயினும் சித்திரை வைகாசி இடிமழை நாள்களிலும், பராமரிப்புக்கென அறிவித்து மின்சாரத்தை நிறுத்தும் நாள்களிலும், 2024 நவம்பர் இறுதியில் வந்த ஃபெஞ்சல் புயல் போன்ற காலங்களிலும் தறி நிற்கத்தான் செய்கிறது. அப்புயலின் மழை திருவண்ணாமலை மாவட்டத்தை எவ்வாறு அலைக்கழித்தது என்பதை நம் வாசகர்கள் அறிவர். எனவே, ஓர் அறையும் ஒரு தறியும் உள்ள வீட்டில் கதிரவன் ஒளியால் இயங்கும் சிறு மின்னமைப்பை எப்படிக் கணக்கிடுவது, எப்படி ஒயர் இழுப்பது, பணம் கொடுக்கும் முன் எவற்றைக் கேட்பது என்பனவற்றை இம்மாதம் எழுத முற்படுகிறோம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நலம். "சோலார்" என்ற ஒரே பெயரில் இருவேறு பொருள்கள் விற்கப்படுகின்றன. ஒன்று, கூரையில் தகடுகளை வைத்து, மின்வாரியக் கம்பியோடு இணைத்து, வீட்டுச் செலவு போக எஞ்சிய மின்சாரத்தை வாரியத்திற்கே அனுப்புவது. 2024 பிப்ரவரியில் நடுவண் அரசு தொடங்கிய 'பி.எம். சூர்ய கர்' திட்டம் இவ்வகைக்கு உரியது. ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், இரண்டுக்கு 60,000 ரூபாயும், மூன்றும் அதற்கு மேலுமாயின் 78,000 ரூபாயும் மானியம் என்று அறிவித்தனர். ஆனால் இந்த அமைப்பில் பொதுவாகப் பேட்டரி இல்லை. வாரியத்தின் மின்சாரம் நின்றால், உச்சி வெயில் அடிக்கும்போதே இதுவும் தானாக நின்றுவிடும். கம்பத்தில் ஏறிப் பழுதுபார்க்கும் ஊழியர்மேல் நம் வீட்டு மின்சாரம் பாய்ந்துவிடலாகாது என்பதற்காகவே அவ்வாறு அமைத்திருக்கின்றனர். மின்தடைக்கு மருந்தென்று எண்ணி இதனை வாங்கியவர்கள் முதல் மின்தடையிலேயே திகைப்பர். விற்பவர் இதனைத் தாமாகச் சொல்வது அரிது. நாம்தான் கேட்க வேண்டும்.

மற்றொன்று பேட்டரியோடு கூடிய சிறு அமைப்பு. பகலில் சேமித்து, வேண்டும்போது எடுப்பது. தறிவீட்டிற்கு ஏற்றது இதுவே. அதிலும் ஒரு கணக்கு உண்டு. தமிழ்நாட்டில் கைத்தறி நெசவாளர்க்கு இரு மாதங்களுக்கு 300 யூனிட் மின்சாரம் விலையின்றி வழங்க 2023-இல் அரசு ஆணையிட்டது. அதற்குமுன் அது 200 யூனிட்டாக இருந்தது. நாம் கீழே விவரிக்கும் சிறு அமைப்பு இரு மாதங்களில் தரக்கூடியது ஏறத்தாழ 23 யூனிட். ஆகவே, "மின்கட்டணம் மிச்சமாகும்" என்று எவரேனும் நெசவாளரிடம் இச்சிறு அமைப்பை விற்க வந்தால், அவரை வணங்கி அனுப்பிவிடலாம். விளக்கு அணையும் வேளைக்காகவும், மின் இணைப்பே இல்லாத தோட்டக் கொட்டகைக்காகவும், தொலைவில் ஒதுங்கிய மலைவீட்டிற்காகவும் மட்டுமே இதற்குப் பணம் செலவிடலாம். அவ்விடங்களில் இது பெரும் உதவி. அதற்காகக் கடன் வாங்குவதாயின், தறி நின்ற நாள்கள் எத்தனை, அவற்றால் இழந்த கூலி எவ்வளவு என்று ஓராண்டுக் கணக்கை எழுதிப் பார்த்த பின்னரே வாங்குக.

சிறு வீட்டுக்குச் சூரிய விளக்கு என்பது நமக்குப் புதிதன்று. 2011-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய பசுமை வீடு திட்டத்தில், 300 சதுர அடி வீடு ஒவ்வொன்றுக்கும் ஐந்து சூரிய விளக்குகள் என விதித்தனர்: கூடம், படுக்கையறை, சமையலறை, கழிப்பறை, தாழ்வாரம் ஆகிய ஒவ்வோர் இடத்திற்கும் ஒன்று. கர்நாடகத்தில் 1995-இல் தொடங்கப்பட்ட செல்கோ நிறுவனம், தையற்காரர், பூக்கட்டுவோர், மருத்துவச்சி என அவரவர் தொழிலைக் கேட்டறிந்து அதற்கேற்ப விளக்கை அமைப்பதையே தன் வழியாகக் கொண்டது. அதன் நிறுவனருள் ஒருவரான ஹரீஷ் ஹந்தே 2011-இல் மகசேசே விருது பெற்றார். எத்தனை வாட் வேண்டும் என்பதற்கு முன்னர், எந்த வேலைக்கு வேண்டும் என்று கேட்கும் இம்முறை நமக்குப் பிடித்திருக்கிறது.

இனிக் கணக்கிற்கு வருவோம். எத்தனை இழை, எத்தனை முழம் என்று எண்ணாமல் எவரும் பாவு ஓட்டுவதில்லை. இதுவும் அதுபோன்றதே. 9 வாட் எல்.இ.டி. விளக்கு மூன்று, நாளுக்கு ஐந்து மணி நேரம்: 135 வாட்மணி. நேர்மின்சாரத்தில் ஓடும் 28 வாட் மின்விசிறி ஒன்று, எட்டு மணி நேரம்: 224. கைப்பேசிக்கு 20. ஆக ஏறத்தாழ 380 வாட்மணி, அதாவது ஒரு யூனிட்டில் மூன்றிலொரு பங்கைவிடச் சற்று மிகுதி. வழியில் ஒயரிலும் பேட்டரியிலும் தூசியிலும் வெப்பத்திலும் இழப்பு உண்டாதலின், 540 வாட்மணி கிடைக்கத் தகடு வேண்டும். நம் பகுதியில் முழுவலிமை வெயிலாகக் கணக்கிட்டால் நாளுக்கு ஐந்து மணி நேரம் எனலாம். ஐப்பசி கார்த்திகையில் நான்கெனக் கொள்வதே பாதுகாப்பு. 540-ஐ நான்கால் வகுத்தால் 135. கடையில் கிடைக்கும் 150 வாட் தகடு ஒன்று போதும்.

பேட்டரி, வெயிலற்ற இரு நாள்களையேனும் தாங்க வேண்டும். இரு நாளைக்கு 760 வாட்மணி. ஈயப் பேட்டரியைப் பாதிக்குமேல் வெறுமையாக்கினால் அதன் ஆயுள் விரைந்து குறையும். ஆதலின் இருமடங்காக 1,520 எனக் கொண்டு, 12 வோல்ட்டால் வகுத்தால் 127 வருகிறது. 150 ஆம்பியர்மணிப் பேட்டரி ஒன்று இதற்குப் போதும். லித்தியம் பாஸ்பேட் பேட்டரியாயின் ஐந்தில் நான்கு பங்கு வரை எடுக்கலாமாதலால் 80 ஆம்பியர்மணி போதும். விலை மிகுதி, ஆயுளும் மிகுதி.

கடைகளில் இப்போது எளிதாகக் கிடைப்பவை 500 வாட்டுக்கு மேற்பட்ட பெரிய தகடுகள். வாட்டுக்கு இவ்வளவு என்று பார்த்தால் அவை மலிவு. ஆனால் அவற்றின் மின்னழுத்தம் 40 வோல்ட் அளவினது. நம் சிறு அமைப்பில் வரும் எளிய கன்ட்ரோலரோடு அவற்றை இணைத்தல் ஆகாது. 36 சில்லுகள் கொண்ட, 18 வோல்ட் அளவில் இயங்கும் தகடென்று கேட்டு வாங்குக.

இன்வெர்ட்டர் வேண்டுமா என்பது அடுத்த வினா. தகடும் பேட்டரியும் தருவது நேர்மின்சாரம். எல்.இ.டி. விளக்கு உள்ளுக்குள் உண்பதும் நேர்மின்சாரமே. இடையில் அதனை 230 வோல்ட் மாறுமின்சாரமாக்கி, விளக்கினுள் மீண்டும் நேர்மின்சாரமாக்குவது, அரிசியை நெல்விலைக்கு விற்று மறுபடி அரிசி வாங்குவது போலாகும். மேலும், ஒரு விளக்கும் எரியாதபோதே இன்வெர்ட்டர் தனக்கென்று மின்சாரம் இழுக்கும். 10 வாட் எனக் குறைவாகவே கொண்டாலும் இருபத்துநான்கு மணி நேரத்தில் 240 வாட்மணி. நம் வீட்டின் முழுத் தேவையில் பாதிக்கு மேல்! சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழுவினர் இதனையே சிந்தித்து, இன்வெர்ட்டர் இல்லாத 48 வோல்ட் நேர்மின் அமைப்பொன்றை உருவாக்கினர். ராஜஸ்தானின் பலோடி வட்டாரத்துப் பாலைவனச் சிற்றூர்களில், மின்கம்பி எட்டாத ஏறக்குறைய 4,000 வீடுகளில் அதனைப் பொருத்தினர். வீட்டுக்கு 125 வாட் தகடு, ஒரு யூனிட் கொள்ளும் பேட்டரி, ஒரு விசிறி, சில விளக்குகள்; அவ்வளவே. நம் ஒற்றையறை வீட்டின் அளவும் கிட்டத்தட்ட அதுவே.

அவர்கள் 12-ஐ விட்டு 48 வோல்ட்டைத் தேர்ந்ததன் காரணத்தில் ஒயரின் பாடம் முழுதும் அடங்கியுள்ளது. அதே 150 வாட், 230 வோல்ட்டில் முக்கால் ஆம்பியருக்கும் குறைவாகவே ஓடும். 12 வோல்ட்டிலோ பன்னிரண்டரை ஆம்பியர் ஓடும். ஆம்பியர் மிகுந்தால் ஒயர் சூடாகும், வழியிலேயே மின்னழுத்தம் கரையும். வோல்ட்டை நான்கு மடங்காக்கினால் ஆம்பியர் நான்கிலொன்றாகும். அதே ஒயரில் இழப்போ பதினாறிலொன்றாகிவிடும். ஆயினும் 48 வோல்ட் விசிறியும் விளக்கும் ஆரணிக் கடைவீதியில் கேட்டவுடன் கிடைப்பதில்லை. 12 வோல்ட்டில்தான் நாம் செய்தாக வேண்டும் என்றால், ஒயரைத் தடிமனாக்குவதே வழி.

வீட்டு மின்பணியாளர் பழக்கத்தால் விளக்குக்கென "ஒன்றரை ஸ்கொயர்" ஒயரை இழுத்துவிடுவார். 230 வோல்ட்டுக்கு அது சரி. கூரையிலுள்ள தகட்டுக்கும் கீழேயுள்ள பேட்டரிக்கும் பத்து மீட்டர் தொலைவெனில், போகவும் வரவும் இருபது மீட்டர். 150 வாட் தகடு தரும் எட்டு ஆம்பியருக்கு, ஒன்றரை ஸ்கொயர் செப்பு ஒயரில் 2 வோல்ட் வழியிலேயே போய்விடும். தகட்டின் பதினெட்டில் இரண்டு போனால், மேகமும் வெப்பமும் உள்ள நாளில் பேட்டரி நிறைவது கடினம். நான்கு ஸ்கொயராயின் முக்கால் வோல்ட், ஆறு ஸ்கொயராயின் அரை வோல்ட் அளவே இழப்பு. கூரைக்கு நான்குக்குக் குறையாமலும், விளக்குக்கும் விசிறிக்கும் செல்லும் முதன்மை ஒயருக்கு இரண்டரைக்குக் குறையாமலும் இடுக. அலுமினியம் ஆகாது. ஒயரில் மிச்சம் பிடித்துப் பெரிய தகடு வாங்குவோரை நாம் பார்த்திருக்கிறோம். பாத்திரம் பெரிதாயினும் குழாய் சிறிதன்றோ?

தறிவீட்டில் நாம் மிகவும் அஞ்ச வேண்டியது பேட்டரியை. 12 வோல்ட் கையைத் தொட்டால் உறைக்காது. அதனால் பலர் அதனை விளையாட்டுப் பொருளாகக் கருதுகின்றனர். ஆனால் அதன் இரு முனைகளையும் ஓர் உலோகம் இணைத்துவிட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஒரே கணத்தில் பாயும்; ஒயர் பழுத்து, அதன் உறை தீப்பற்றும். மேலும், ஈயப் பேட்டரி மின்னேற்றும் வேளையில் ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடுகிறது. சிறு பொறியும் அதற்குப் போதும். ஆரணிக்கே உரிய ஓர் ஆபத்தும் இங்குண்டு. சரிகை உலோகம். உலோக இழை சுற்றிய சரிகைத் துணுக்கொன்று முனைகளின் குறுக்கே விழுந்தால் பளிச்சென்று எரிந்து பொறி தெறிக்கும். நூற்கண்டும், பாவும், தாளட்டைகளும் நிறைந்த அறை அது. ஆகவே பேட்டரியைத் தறிக்கு அருகிலும் அடுப்புக்கு அருகிலும் சுவாமி படத்தின் விளக்குக்கு அருகிலும் வைக்கலாகாது. தாழ்வாரத்தில், மழை படாத இடத்தில், மேலும் கீழும் காற்று புகும் துளைகளுள்ள மரப்பெட்டியில் வைத்து, முனைகளுக்கு ரப்பர் மூடி இட்டு, பிள்ளைகள் கைக்கு எட்டாதபடி பூட்டுக.

அடுத்து ஃபியூஸ். பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தொலைவுக்குள் அது இருக்க வேண்டும். சுவரைத் தாண்டி, விளக்குக்கு அருகில் போட்டால், இடைப்பட்ட ஒயருக்குக் காவல் இல்லை. ஃபியூஸ் காப்பது விளக்கை அன்று, ஒயரை. விளக்குப் பக்கத்திற்குப் பத்து ஆம்பியரும், கன்ட்ரோலருக்கும் பேட்டரிக்கும் இடையே பதினைந்து ஆம்பியரும் நம் கணக்குக்குப் பொருந்தும். எரிந்துபோன ஃபியூசுக்கு மாற்றாகச் செப்புக் கம்பி முறுக்கி வைக்கும் நம் பழைய வழக்கம் இங்கே வேண்டவே வேண்டா. மாற்று ஃபியூஸ் இரண்டினைப் பெட்டியின் உள்மூடியில் ஒட்டி வைத்து, அவை எங்குள்ளன என்று வீட்டுப் பெண்களுக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் காட்டிவிடுக.

ஸ்விட்ச் பற்றியும் ஒரு சொல். மாறுமின்சாரம் நொடிக்கு நூறுமுறை சுழியத்தைத் தொட்டு மீள்கிறது. ஸ்விட்சை அணைக்கையில் எழும் பொறி அதனாலேயே அணைந்துவிடும். நேர்மின்சாரத்திற்கு அந்த இடைவெளி இல்லை. பொறி தொடர்ந்து எரிந்து ஸ்விட்சின் செப்பு முனைகளைத் தின்னும். ஒரு விளக்குக்குச் சாதாரண ஸ்விட்ச் ஓரளவு தாங்கும்; தகட்டின் இணைப்பைத் துண்டிக்கும் பெரிய ஸ்விட்ச் மட்டும் 'டி.சி.' என்று முத்திரை பெற்றதாகவே இருக்க வேண்டும்.

இணைக்கும் வரிசையும் முதன்மையானது. கன்ட்ரோலரில் முதலில் பேட்டரி, பின்னர் தகடு, கடைசியில் விளக்குகள். கழற்றும்போது இதற்கு நேர் எதிர். பேட்டரியைக் கடைசியாகவே கழற்றுக. பேட்டரியின் மின்னழுத்தத்தை அளந்துதான் கன்ட்ரோலர் தன் வேலையைத் தொடங்குகிறது. பேட்டரி இல்லாமல் தகட்டை மட்டும் இணைத்தால் அது பழுதாகக்கூடும். சிவப்பு நேர்முனை, கருப்பு எதிர்முனை. வீடு முழுதும் அந்நிறம் மாறலாகாது. இணைப்பு வேலை நடக்கும்போது தகட்டின்மேல் கனத்த போர்வையொன்றைப் போர்த்தி வைத்தால், வெயிலில் மின்சாரம் பிறக்காது. அச்சமின்றி வேலை செய்யலாம்.

தகட்டைத் தெற்கு நோக்கி வைக்க வேண்டும். ஆரணி நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ பன்னிரண்டரை பாகையில் இருப்பதால், சாய்வும் அவ்வளவே: மீட்டர் நீளத்திற்கு ஒரு சாண் உயர்த்தினால் சரியாக வரும். மழைநீர் தூசியைக் கழுவிச் செல்லவும் அச்சாய்வு உதவும். சில்லுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தவையாதலால், ஒரு தென்னங்கீற்றின் நிழல் ஒரு மூலையில் விழுந்தாலும் முழுத் தகட்டின் பயனும் பெரிதும் குன்றும். காலை ஒன்பது முதல் பிற்பகல் மூன்று வரை நிழல் எங்கே விழுகிறது என்று ஒருநாள் கூரையைப் பார்த்த பின்னரே இடத்தைத் தேர்க. நாட்டு ஓட்டின்மேல் தகட்டைப் படுக்க வைத்துக் கயிற்றால் கட்டுவது ஆகாது. ஓட்டைத் துளைத்துக் கைமரத்தில் ஆணி திருகிய இரும்புச் சட்டமே புயற்காற்றைத் தாங்கும். அச்சட்டத்திலிருந்து நிலத்திற்கு ஓர் எர்த் கம்பி இறக்க மறவாதீர்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். சூரிய அமைப்பின் ஒயரை வாரியத்தின் ஒயரோடு எக்காரணம் கொண்டும் சேர்க்கலாகாது. இன்வெர்ட்டர் வைத்திருப்போர் சிலர், அதன் முனையை வீட்டு ப்ளக்கில் செருகி வீடு முழுவதையும் எரியவிடுகின்றனர். மெயின் ஸ்விட்சை அணைக்க ஒருமுறை மறந்தால் அம்மின்சாரம் தெருக்கம்பி வரை போகும். அங்கே ஏறி நிற்பவர் உயிருக்கு யார் பொறுப்பு? விளக்கு, ஸ்விட்ச், ஒயர் யாவும் தனித் தொகுதியாக இருக்கட்டும்.

தறியின் விளக்கு ஒன்றினை உச்சியில் மாட்டுவது வழக்கம். ஜக்கார்டுப் பெட்டியும் அதன் கயிறுகளும் அவ்வொளியை மறைத்துவிடும். நெய்பவரின் தலை நிழலும் பாவின்மேல் விழும். இரு சிறு விளக்குகளை, தறியின் இடமும் வலமும், நெய்பவரின் தோளுயரத்திற்குச் சற்று மேல், ஒளி கண்ணில் படாதபடி மறைப்பிட்டு மாட்டினால், நாடா ஓடும் இடத்தில் நிழலே இராது. அரக்கிற்கும் மாந்துளிர் நிறத்திற்கும் உள்ள வேறுபாடு விளக்கினால் மாறித் தோன்றும், அட்டையில் சி.ஆர்.ஐ. என்று அச்சிட்ட எண் 90-ஐ ஒட்டியிருக்குமாறு பார்த்து வாங்குக. பேட்டரியில் நேராக எரியும் விளக்கில் மற்றொரு நன்மையும் உண்டு: மலிவான மாறுமின் விளக்குகளில் கண்ணுக்குத் தோன்றாது தலைவலி தரும் துடிப்பு இதில் இராது.

ஆண்டுகள் செல்லச் செல்ல முதலில் தளர்வது பேட்டரி. நல்ல டியூபுலர் பேட்டரி ஐந்தாண்டு உழைத்தால் போதுமென்று கொள்க. அதற்கென மாதந்தோறும் ஒரு தொகையை அஞ்சலகத்தில் இட்டுவருவது நலம். இல்லையேல் ஆறாம் ஆண்டில் தகடு மட்டும் கூரையில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். மாதம் ஒருமுறை நீர்மட்டம் பார்த்து, வடித்த நீரை மட்டுமே ஊற்றுக. கிணற்று நீரும் குழாய் நீரும் ஆகா. முனைகளில் வெண்மையாகப் பூக்கும் உப்பைத் துடைத்து வாசலின் தடவுக. தகட்டின் தூசியை, கதிரவன் ஏறுமுன், வெறும் நீரும் மெல்லிய துணியும் கொண்டு துடைக்க வேண்டும். காய்ந்த கண்ணாடிமேல் நடுப்பகலில் குளிர்நீர் ஊற்றினால் விரிசல் காணக்கூடும். பழைய பேட்டரியைக் காயலான் கடையில் உடைக்க விடாது, விற்ற கடைக்கே திருப்பிக் கொடுத்து, அதன் ஈயத்தின் விலையைப் புதியதன் விலையில் கழித்துக்கொள்ளலாம்.

ஜக்கார்டுப் பெட்டியைத் தூக்க மோட்டார் பொருத்திய தறிகளும் இப்போது உள்ளன. அம்மோட்டார் மேற்கண்ட கணக்கில் அடங்காது. அதற்கு எத்தனை வாட், நாளில் எத்தனை மணி நேரம் என்று தறியின் அருகிலேயே அளந்து பார்த்துத் தகட்டையும் பேட்டரியையும் ஒயரையும் மீண்டும் முதலிலிருந்து கணக்கிட வேண்டும்.